அத்தியாயம் 6: மவுஸைத் தொடாமல் செயலிகளை இயக்குவது

ஓர் அலுவலகத்தில் 400 வேர்டு கோப்புகள் கிடக்கின்றன. மாலைக்குள் அத்தனையும் பிடிஎஃப் ஆக வேண்டும். திறப்பது, மெனுவுக்குப் போவது, ஏற்றுமதி, கோப்புறையைத் தேர்வது, சரி, மூடுவது என்று கோப்புக்கு ஆறு கிளிக் வைத்தாலும் 2,400 கிளிக். பாதியில் கை வலிக்கும், கண் சோரும், ஏதோ இரண்டு கோப்பு விட்டுப்போகும். அவை எவை என்று தேடுவது மறுநாள் வேலை.

லிப்ரே ஆபிஸ் நிறுவிய கணினியில் இதே வேலை ஒரு வரியில் முடிகிறது. டெர்மினலில் அந்தக் கோப்புறைக்குப் போய் ‘எஸ்ஆபிஸ்’ என்ற கட்டளையைத் தட்ட வேண்டும். அதனுடன் ‘ஹெட்லெஸ்’, ‘கன்வர்ட்-டூ பிடிஎஃப்’ என்ற இரண்டு விருப்பங்களையும் சேர்த்து, கடைசியில் நட்சத்திரக் குறி போட்டு டாக்எக்ஸ் கோப்புகள் எல்லாவற்றையும் சுட்டினால் போதும். சாளரம் எதுவும் திறக்காது. செயலி ஒரே ஒரு முறை எழுந்து, வரிசையாக எல்லாவற்றையும் மாற்றிவிட்டு அடங்கிவிடும். (கட்டளைப் பெயர்கள் இங்கே ஒலிப்படி தரப்படுகின்றன. தட்டும்போது ஆங்கில எழுத்தில், விருப்பங்களின் முன்னே இரட்டைக் கோடு இட்டுத் தட்ட வேண்டும்.)

வரைகலைச் செயலிகளைத் தானியக்கமாக்கக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் தேடுவது கிளிக்கை நகலெடுக்கும் கருவியைத்தான். அது கடைசியில் எடுக்க வேண்டிய ஆயுதம். செயலிக்கே கட்டளை வரி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால், வெளியிலிருந்து செய்தி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் இல்லாதபோது பொத்தான்களைப் பெயர் சொல்லி அழுத்தும் வழி உண்டு. இவை மூன்றும் கைவிட்ட பிறகே விசைகளையும் மவுஸ் அசைவையும் போலியாக அனுப்ப வேண்டும். கீழே இறங்க இறங்க ஸ்கிரிப்ட் உடையும் வாய்ப்பு கூடும்.

லிப்ரே ஆபிஸ் வரி எளிமையாகத் தெரிந்தாலும் அதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று, அதே பயனர் வேறொரு லிப்ரே ஆபிஸ் சாளரத்தை ஏற்கெனவே திறந்து வைத்திருந்தால், மாற்றும் வேலை சத்தமில்லாமல் நடக்காமல் போகலாம். இரண்டும் ஒரே பயனர் அமைப்புக் கோப்புறையைப் பகிர்வதே காரணம். ‘யூசர்இன்ஸ்டலேஷன்’ என்ற அமைப்பின் வழியாகத் தற்காலிகக் கோப்புறை ஒன்றைக் கொடுத்தால் இந்த மோதல் தீரும். வேலை முடிந்ததும், எத்தனை டாக்எக்ஸ் போனதோ அத்தனை பிடிஎஃப் வந்திருக்கிறதா என்று ஸ்கிரிப்டே எண்ணிப் பார்க்க வேண்டும். பிழைச் செய்தி வரவில்லை என்பதை வெற்றிக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

இன்னொன்று தமிழ்க் கோப்புகளோடு புழங்குகிறவர்களுக்கானது. மேசைக் கணினியில் அழகாகத் தெரிந்த கடிதம், சர்வரில் மாற்றும்போது வெறும் கட்டங்களாக வந்து நிற்கும். அங்கே தமிழ் எழுத்துரு இல்லை என்பதுதான் காரணம். ‘எஃப்சி-லிஸ்ட்’ கட்டளைக்கு மொழிக் குறியாக ‘டிஏ’ என்று கொடுத்தால், தமிழ் தெரிந்த எழுத்துருக்கள் மட்டும் பட்டியலாக வரும். பட்டியல் காலி என்றால் நோட்டோ தமிழையோ லோகித் தமிழையோ நிறுவிவிட்டு மேலே போகலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு என்றால் கதை வேறு. அதன் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக்குறிகள். பாமினி இல்லாத கணினியில் அவை ஆங்கிலக் குப்பையாகவே பிடிஎஃப்பில் ஏறும். அத்தகைய கோப்புகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

படம் வரையும் செயலியான இன்க்ஸ்கேப் இன்னும் தாராளமானது. பள்ளி ஆண்டு விழாவுக்கு 200 சான்றிதழ் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இன்க்ஸ்கேப்பின் எஸ்விஜி கோப்பு வெறும் உரைக் கோப்பு. வடிவமைப்பாளர் மாணவர் பெயர் வர வேண்டிய இடத்தில் ‘பெயர்இங்கே’ என்று ஒரு சொல்லை எழுதி வைத்துவிட்டால் போதும். பெயர்ப் பட்டியலிலிருந்து ஒவ்வொரு பெயராக எடுத்துக் கொடுத்தால், ‘செட்’ கட்டளை அதை அந்த இடத்தில் பொருத்தி 200 எஸ்விஜி கோப்புகளை உண்டாக்கும். ‘எக்ஸ்போர்ட்-டைப்’ விருப்பத்தோடு இன்க்ஸ்கேப்பை அழைத்தால் அவை பிடிஎஃப்பாகும். தமிழ்ப் பெயர்களில் கொம்பும் காலும் சரியான இடத்தில் வந்து உட்காரும். எழுத்துகளைக் கோக்கும் பொறுப்பு இன்க்ஸ்கேப்பிடமே இருக்கிறது.

இங்கே இரண்டு முன்னெச்சரிக்கை தேவை. வடிவமைப்பாளர் அந்தச் சொல்லைக் கோட்டுருவாக மாற்றியிருக்கக் கூடாது. மாற்றிவிட்டால் தேடுவதற்குச் சொல்லே இருக்காது. பட்டியலில் ‘&’ குறி வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ‘செட்’ கட்டளைக்கு அந்தக் குறியின் பொருள் ‘பொருந்திய சொல்லையே மறுபடி போடு’ என்பது. எஸ்விஜி கோப்புக்குள்ளும் அதற்குத் தனிப் பொருள் உண்டு. ‘முருகன் & சன்ஸ்’ என்ற நன்கொடையாளர் பெயர் ‘முருகன் பெயர்இங்கே சன்ஸ்’ என்று அச்சாகி மேடையில் வழங்கப்படுவது இப்படித்தான்.

200 முறை இன்க்ஸ்கேப்பைத் திறந்து மூடுவது நேர விரயம். ‘ஷெல்’ விருப்பத்தோடு ஒரு முறை திறந்து, ‘கோப்பைத் திற, வெளியீட்டுப் பெயர் இது, ஏற்றுமதி செய்’ என்ற வரிகளை ஒவ்வொன்றாக உள்ளே அனுப்பலாம். 2020-இல் வந்த 1.0 பதிப்பு ஏற்றுமதி விருப்பங்களின் பெயர்களை மாற்றிவிட்டது. அதற்கு முந்தைய ஸ்கிரிப்டை அப்படியே எடுத்து ஓட்டாமல், ‘ஹெல்ப்’ விருப்பம் காட்டும் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

முப்பரிமாணச் செயலியான பிளெண்டரில் விருப்பங்களின் வரிசையே பொருள்: இடமிருந்து வலமாக ஒவ்வொன்றையும் படித்தவுடன் செய்துவிடும். எங்கே சேமிப்பது என்பதை முதலில் சொல்லி, எந்தச் சட்டகத்தை வரைவது என்பதைக் கடைசியில் சொல்ல வேண்டும். கிம்ப் செயலியைச் சாளரமின்றித் தொகுப்பு முறையில் ஓட்டலாம். வேலை முடிந்ததும் வெளியேறச் சொல்லும் கட்டளையையும் சேர்க்காவிட்டால் அது அப்படியே காத்துக்கொண்டிருக்கும். 2025-இல் வந்த கிம்ப் 3.0-க்குப் பழைய ஸ்கிரிப்டுகள் பலவற்றைத் திருத்தியாக வேண்டும். படங்களின் அளவைக் குறைப்பது மட்டுமே வேலை என்றால் கிம்ப் எதற்கு? இமேஜ்மேஜிக் போதும்.

செயலி ஏற்கெனவே திறந்திருக்கிறது, அதனோடு பேச வேண்டும் என்றால் அடுத்த வழிக்கு வர வேண்டும். இந்த எண்ணம் பழையது. வில்லியம் ஹாஸ் 1987-இல் எழுதிய ஏரெக்ஸ் என்ற ஸ்கிரிப்ட் மொழி, 1990-இல் அமிகா இயங்குதளத்தின் அங்கமானது. அதை ஆதரித்த ஒவ்வொரு அமிகா செயலியும் தனக்கென ஒரு செய்திப் புழை வைத்துக்கொண்டு, அதன் வழியே வரும் கட்டளைகளை நிறைவேற்றும். ஆப்பிள் 1993-இல் ஆப்பிள்ஸ்கிரிப்டைக் கொண்டுவந்தது. லினக்ஸில் கேடிஇ 2000-இல் டிகாப் என்ற ஏற்பாட்டோடு வந்து, பிறகு கேடிஇ 4-இல் டி-பஸ்ஸுக்கு மாறியது. இன்று லினக்ஸ் மேசைக்கணினிகளில் செயலிகள் தமக்குள் பேசிக்கொள்வது பெரும்பாலும் டி-பஸ் வழியாகத்தான்.

எந்தச் செயலி எதற்கெல்லாம் செவிசாய்க்கும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. ‘பஸ்சிடிஎல்’ கட்டளையைப் பயனர் அளவில் பட்டியலிடச் சொன்னால் பேருந்தில் ஏறியிருக்கும் பெயர்கள் எல்லாம் வரும்; ஒரு பெயரையும் அதற்குள் உள்ள பொருளின் பாதையையும் கொடுத்து உள்ளே பார்க்கச் சொன்னால் அது ஏற்கும் அழைப்புகள் வரும். ஆகுலர் பிடிஎஃப் வாசிப்பானிடம் ‘இந்தக் கோப்பைத் திற’, ‘இந்தப் பக்கத்துக்குப் போ’ என்று டெர்மினலிலிருந்தே சொல்லலாம். பாட்டுச் செயலிகளுக்கு எம்பிரிஸ் என்ற பொது ஒப்பந்தம் இருக்கிறது. அதனால் விஎல்சியோ ஸ்பாட்டிஃபையோ எது ஓடினாலும், ‘பிளேயர்சிடிஎல் பாஸ்’ என்றதும் பாட்டு நிற்கும். சாளரம் மறைந்திருந்தாலும் வேறு திரையில் இருந்தாலும் கவலையில்லை.

மேக்கில் ‘ஓஎஸ்ஏஸ்கிரிப்ட்’ கட்டளை இந்த வேலையைச் செய்கிறது. 2018-இல் வந்த மொஹாவி பதிப்பிலிருந்து, ஒரு செயலி இன்னொன்றை இயக்க முனைந்தால் பயனரிடம் அனுமதி கேட்கப்படுகிறது. ஸ்கிரிப்டை ஒரு முறை கையால் ஓட்டி அனுமதி கொடுத்துவிட்டுத்தான் இரவு ஓட்டத்துக்கு விட வேண்டும்.

விண்டோஸில் பவர்ஷெல் வழியே எக்செலையும் வேர்டையும் காம் பொருள்களாகத் திறந்து இயக்கலாம். மேசைக் கணினியில் ஆள் இருக்கும்போது இது நன்றாக வேலை செய்கிறது. ஆளில்லாத சர்வரில் ஆபிஸ் செயலிகளை இப்படி ஓட்ட வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. எங்கோ ஓர் எச்சரிக்கைப் பெட்டி திறந்து, ‘சரி’ அழுத்த ஆளில்லாமல் நின்றுவிடும். ஆட்டோஹாட்கீ, ஆட்டோஇட் போன்ற கருவிகள் விசை அனுப்புவதில் வல்லவை. ஆனால் அவற்றை எடுக்கும் முன் செயலியின் அமைப்புப் பக்கங்களைப் புரட்டிவிடுவது நல்லது. டேலியில் நூற்றுக்கணக்கான வவுச்சர்களை ஏற்ற, விசைகளைத் தட்டும் ஸ்கிரிப்ட் எழுத நினைப்பது இயல்பு. டேலியோ சர்வர் முறையில் ஓடக்கூடியது. வழக்கமாக 9000 என்ற போர்ட்டில் காத்திருந்து, எக்ஸ்எம்எல் வடிவில் வரும் வவுச்சர்களை வாங்கிக்கொள்ளும். ‘கர்ல்’ கட்டளை ஒன்று போதும். பிழையான வவுச்சருக்கு அது பதிலும் எழுதி அனுப்பும். குருட்டுத்தனமாகத் தட்டிய விசைக்கு அப்படி ஒரு பதில் கிடைக்காது.

கட்டளை வரியும் இல்லை, செய்தி வழியும் இல்லை என்னும்போது துணைக்கு வருவது அணுகல்தன்மை அடுக்கு. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஓர்கா போன்ற திரைவாசிப்பான்களுக்காக, ஒவ்வொரு சாளரத்திலும் உள்ள பொத்தான், பெட்டி, மெனு எல்லாம் பெயரோடும் வகையோடும் ஒரு மரமாக வெளியிடப்படுகின்றன. லினக்ஸில் இதற்கு ஏடி-எஸ்பிஐ என்று பெயர். அக்சர்சைசர் என்ற கருவியில் அந்த மரத்தைக் கண்ணால் பார்க்கலாம். டாக்டெயில் என்ற பைத்தான் நூலகம் ‘சேமி என்ற பொத்தானை அழுத்து’ என்று பெயரால் சொல்ல உதவும். விண்டோஸில் பைவின்ஆட்டோ இதற்கு ஈடு. பொத்தான் இடம் மாறினாலும் பெயர் இருக்கும்வரை ஸ்கிரிப்ட் ஓடும். மேசைக்கணினியைத் தமிழ் இடைமுகத்தில் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆங்கிலத்தில் எழுதிய ஸ்கிரிப்ட் தேடும் ‘சேவ்’ அங்கே ‘சேமி’ ஆகியிருக்கும். செயலியைத் தொடங்கும்போது மொழிச் சூழல் மாறியை ஒரே மாதிரி நிறுத்திவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பெயரிடாத பொத்தான்களோடு வெளியாகும் செயலிகளும் உண்டு. அவற்றில் ஸ்கிரிப்ட் தடுமாறுவது சிறு விஷயம். கண் தெரியாத ஒருவர் அதைப் பயன்படுத்தவே முடியாமல் போவது பெரிய அநீதி. அத்தகைய செயலியைக் கண்டால் பிழை அறிக்கை எழுதி அனுப்புவது இரு தரப்புக்கும் உதவும்.

இனி நான்காவது வழியான போலி விசைகளுக்கு உரிய எக்ஸ்டூடூல். ஜோர்டன் சிஸ்ஸல் எழுதிய இந்தச் சிறு கருவி, எக்ஸ்11 சாளர அமைப்பில் விசைப்பலகையும் மவுஸும் செய்யும் எல்லாவற்றையும் கட்டளையாகச் செய்கிறது. எம்ஐடியில் 1984-இல் பிறந்து 1987-இல் 11-ஆம் பதிப்பை எட்டிய எக்ஸ், எந்தச் செயலியும் இன்னொன்றுக்கு விசை அனுப்பலாம் என்ற தாராள மனத்தோடு கட்டப்பட்டது. அதன் எக்ஸ்டெஸ்ட் என்ற நீட்சியின் வழியே வரும் விசை, உண்மையான விசைப்பலகையிலிருந்து வந்தது போலவே செயலிக்குத் தெரியும்.

முதல் வேலை சாளரத்தைப் பிடிப்பது. தலைப்பை வைத்துத் தேடக் கூடாது; திறந்திருக்கும் கோப்பின் பெயரோடு சேர்ந்து தலைப்பு மாறிக்கொண்டே இருக்கும். ‘எக்ஸ்ப்ராப்’ கட்டளையைத் தட்டிவிட்டுச் சாளரத்தின்மேல் கிளிக் செய்தால் அதன் வகைப்பெயர் தெரியும். அந்த வகைப்பெயரை வைத்து, கண்ணுக்குத் தெரியும் சாளரங்களில் மட்டும் தேடச் சொல்ல வேண்டும். கிடைத்ததும் முன்னே கொண்டுவந்து, ‘சிங்க்’ விருப்பத்தால் அது உண்மையாகவே முன்னே வரும்வரை காத்திருந்து, அதன்பின் விசைகளை அனுப்ப வேண்டும். ‘சிங்க்’ இல்லாமல் எழுதிய ஸ்கிரிப்ட் பத்தில் ஒன்பது முறை ஓடும், பத்தாவது முறை வேறு சாளரத்தில் போய்த் தட்டும்.

சாளர எண்ணைக் கொடுத்துப் பின்னணியிலேயே விசை அனுப்பும் வசதியும் எக்ஸ்டூடூலில் உண்டு. கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். அப்போது அது எக்ஸ்டெஸ்டை விட்டு வேறு முறைக்கு மாறிவிடுகிறது. அந்த விசையில் ‘இது அனுப்பப்பட்டது’ என்ற முத்திரை இருக்கும். எக்ஸ்டெர்ம் உட்படப் பல செயலிகள் அந்த முத்திரையைக் கண்டதும் விசையைப் புறக்கணித்துவிடும். ஸ்கிரிப்ட் சரியாக இருந்தும் எதுவும் நடக்காமல் இருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

ஸ்கிரிப்டைக் கன்ட்ரோல், ஆல்ட் சேர்ந்த குறுக்குவிசையில் கட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. விரல் இன்னும் கன்ட்ரோலில் இருக்கும்போதே ஸ்கிரிப்ட் ‘டபிள்யூ’ என்ற எழுத்தைத் தட்டினால், செயலிக்கு அது கன்ட்ரோல்-டபிள்யூ; சாளரமே மூடிக்கொள்ளும். ‘கிளியர்மாடிஃபையர்ஸ்’ என்ற விருப்பம் இதற்காகவே இருக்கிறது.

தமிழ் உரையைத் தட்டச் சொல்லும்போது எக்ஸ்டூடூல் திணறும். நடப்பு விசைப்பலகையில் இல்லாத எழுத்துக்கு, காலியாக இருக்கும் ஒரு விசையைத் தற்காலிகமாக அந்த எழுத்துக்கு ஒதுக்கி, தட்டி, மறுபடி விடுவிக்கிறது. இந்த மாற்றத்தைச் செயலி தாமதமாக உணர்ந்தால் எழுத்து விட்டுப்போகும், உயிர்மெய் சிதறும். தமிழ் உள்ளீட்டு முறை இயங்கிக்கொண்டிருந்தால் நிலைமை தலைகீழ்: ஆங்கிலத்தில் தட்டச் சொன்ன கோப்புப் பெயர் தமிழாக மாறி விழும். இரண்டுக்கும் நம்பகமான தீர்வு ஒன்றுதான். உள்ளீட்டு முறையை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, தமிழ் உரையை ‘எக்ஸ்கிளிப்’ கட்டளையால் கிளிப்போர்டில் ஏற்றி, கன்ட்ரோல்-வி அனுப்ப வேண்டும். எக்ஸ்கிளிப்பிடம் எந்தக் கிளிப்போர்டு என்று வெளிப்படையாகச் சொல்லாவிட்டால், அது மவுஸின் நடுப்பொத்தானுக்கு உரிய தேர்வுப் பகுதியில் ஏற்றிவிடும். கன்ட்ரோல்-வி பழைய உரையையே ஒட்டும்.

‘ஐந்து நொடி தூங்கு’ என்று ஸ்கிரிப்டில் எழுதும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. வேகமான கணினியில் அந்த நொடிகள் வீண், திணறும் கணினியில் அவை போதாது. எந்த நிகழ்ச்சிக்காகக் காத்திருக்கிறோமோ அதையே கேட்க வேண்டும். சேமிப்பு உரையாடல் பெட்டி வரவேண்டும் என்றால், அந்தச் சாளரம் தோன்றும்வரை தேடச் சொல்லலாம். கோப்பு எழுதி முடியவேண்டும் என்றால், ‘ஐநோட்டிஃபைவெயிட்’ கட்டளை கோப்பு எழுதி மூடப்பட்ட கணத்தில் சொல்லும். எல்லாவற்றுக்கும் மேலே ‘டைம்அவுட்’ கட்டளையால் ஓர் உச்சவரம்பு வைக்க வேண்டும். வரம்பு மீறினால் திரையை ஒரு படமெடுத்துச் சேமித்துவிட்டு ஸ்கிரிப்ட் நின்றுவிட வேண்டும். என்ன பெட்டி திறந்து வழிமறித்தது என்பதை அந்தப் படம் காட்டிக்கொடுக்கும்.

மவுஸ் ஆயத்தொலைவை வைத்துக் கிளிக் செய்வதும், படத்தை ஒப்பிட்டுப் பொத்தானைத் தேடும் சிகுலி வகைக் கருவிகளும் எதுவுமே இல்லாதபோது கைகொடுப்பவை. கருப்பொருளோ எழுத்தின் அளவோ மாறினால் அவை தடுமாறும். பைஆட்டோகுயி நூலகத்தில் ஒரு நல்ல பாதுகாப்பு இருக்கிறது: மவுஸைத் திரையின் மூலைக்கு இழுத்தால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். அதை அணைக்கக் கூடாது.

மனிதர் வேலை செய்யும் அதே திரையில் ஸ்கிரிப்டையும் ஓட்டினால் இருவரும் ஒரே விசைப்பலகைக்குச் சண்டையிடுவார்கள். எக்ஸ்விஎஃப்பி இதற்கு விடை. நினைவகத்தில் மட்டும் இருக்கும் ஒரு கற்பனைத் திரையை அது உண்டாக்குகிறது; ‘எக்ஸ்விஎஃப்பி-ரன்’ கட்டளையோடு செயலியைத் தொடங்கினால், மானிட்டரே இல்லாத சர்வரிலும் அது திறக்கும். அங்கே சாளர மேலாளர் இருக்காது என்பது பலருக்கும் நினைவில் வராது. சாளரத்தை முன்னே கொண்டுவரும் கட்டளை மேலாளரிடம் கேட்டே வேலை செய்வதால் அது தோல்வியடையும். ஓப்பன்பாக்ஸ் போன்ற எளிய மேலாளர் ஒன்றை உள்ளே ஓடவிட்டால் சரியாகும். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க எக்ஸ்11விஎன்சி உதவும்.

மேலே சொன்னதில் கணிசமான பகுதி வேலண்ட் அமர்வில் ஓடாது. எக்ஸுக்கு மாற்றாகக் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008-இல் தொடங்கிய வேலண்ட், ஒரு செயலி இன்னொன்றின் விசைகளைக் கேட்பதையும் அதற்கு விசை அனுப்புவதையும் வேண்டுமென்றே தடுக்கிறது. எக்ஸ் அமைப்பில் தரவிறக்கிய எந்தச் செயலியும் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டும்போது ஒட்டுக்கேட்க முடியும் என்பதை நினைத்தால், இந்தத் தடை சரியானதே. ஃபெடோரா 2016-இலும் உபுண்டு 2021-இலும் வேலண்டை இயல்பாக்கின. எந்த அமர்வு ஓடுகிறது என்பதை ‘எக்ஸ்டிஜி செஷன் டைப்’ என்ற சூழல் மாறி சொல்லிவிடும். வேலண்டில் வைடூடூல் என்ற கருவி கெர்னலின் யூஇன்புட் வழியே போலி விசைப்பலகை ஒன்றை உண்டாக்கி விசை அனுப்புகிறது. அதற்குக் கூடுதல் உரிமை தேவை. சாளரங்களைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. ஸ்வே என்ற வேலண்ட் சாளர மேலாளரைப் பயன்படுத்துகிறவர்கள் சாளரத்தை முன்னே கொண்டுவரும் பகுதிக்கு ‘ஸ்வேஎம்எஸ்ஜி’யைச் சேர்த்துக்கொள்ளலாம். டி-பஸ், அணுகல்தன்மை அடுக்கு, செயலியின் சொந்தக் கட்டளை வரி ஆகியவற்றை நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகளுக்குப் பெரிய சேதமில்லை.

கையால் ஓட்டும்போது சரியாக இருந்த ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் போட்டதும் திரையைத் திறக்க முடியவில்லை என்று புலம்பும். எந்தத் திரை, அதன் அனுமதிக் கோப்பு எது, டி-பஸ் முகவரி என்ன என்ற மூன்றும் கிரானுக்குத் தெரியாது. ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே அவற்றைக் குறிப்பிட வேண்டும். ஓர் ஓட்டம் முடியும் முன் அடுத்தது கிளம்பாமல் ‘எஃப்லாக்’ கட்டளையால் பூட்டிக்கொள்வதும் அவசியம்.

கடவுச்சொல்லைக் கட்டளையின் பகுதியாக எழுதினால், ‘பிஎஸ்’ தட்டும் எவரும் ஓட்டப் பட்டியலில் அதைப் படிக்க முடியும். எக்ஸ்டூடூலின் ‘டைப்’ கட்டளை கோப்பிலிருந்தோ குழாய் வழியோ உரையை வாங்கிக்கொள்ளும் என்பதால் அந்த வழியையே நாட வேண்டும். அப்போதும் அனுப்பும் முன், முன்னே இருக்கும் சாளரம் எது என்று ஒரு முறை கேட்டு, எதிர்பார்த்த வகைப்பெயர் இல்லையென்றால் நின்றுவிட வேண்டும். அரட்டைச் சாளரம் ஒன்று அந்த நொடியில் முன்னே வந்திருந்தால், கடவுச்சொல்லும் அதன்பின் வரும் என்டர் விசையும் அங்கேதான் போகும்.